ஆர்டென் 1944: தோற்ற படைக்கும் வெல்ல வழியுள்ள போர் விளையாட்டை வடிவமைப்பது எப்படி?

ஒரு வரலாற்றுப் போரை முதன்முதலாகப் பலகை விளையாட்டாக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே வரைபடத்தில் வைத்தால் ஒரு தரப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்கிறது. இரு தரப்புக்கும் சம வாய்ப்பு வேண்டுமென்று படைகளின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்தால், மேசையில் இருப்பது அந்தப் போராக இல்லாமல் அதன் பெயரைச் சுமக்கும் வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. இதற்கு நான் நம்பும் விடை ஒன்றுதான்: படை, நிலம், காலம், பெட்ரோல் ஆகியவற்றில் வரலாற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது, நியாயம் செய்ய வேண்டிய இடம் வெற்றி நிபந்தனை மட்டுமே.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளை எதிர்த்து 15 ஆடுகள் நிற்கின்றன. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆட்டம் சமமாக வேண்டுமென்று எவரும் ஆட்டுக்குப் பல் முளைக்க வைக்கவில்லை. புலி வெட்டினால் வெற்றி, ஆடு புலியை நகர விடாமல் அடைத்தால் வெற்றி என்று இரண்டு வேறு இலக்குகளை வைத்தார்கள். திண்ணையில் கட்டம் கீறி ஆடியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. போர் விளையாட்டை வடிவமைப்பவரும் இதைத்தான் செய்ய வேண்டும். கூடுதலாக அவர் சுமப்பது ஒன்றுதான்: அவருடைய புலியும் ஆடும் உண்மையில் இருந்தவை.

எடுத்துக்காட்டாக, 1944 டிசம்பரில் பெல்ஜியம், லக்சம்பர்க் எல்லைக் காடுகளில் நடந்த ஆர்டென் போரை எடுத்துக்கொள்கிறேன். ரெஜிமென்ட் (டிவிஷன் என்ற பெரும்படையின் உட்பிரிவு) அளவிலான காய்களைக் கொண்டு இந்தப் போருக்கு நானே ஒரு விளையாட்டைச் செய்து பலமுறை திருத்தியிருக்கிறேன் என்பதால், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பதை இதில் என்னால் தெளிவாகக் காட்ட முடியும்.

விளையாட்டு கேட்கும் கேள்வி எது?

காய் வெட்டுவதற்கும் கட்டம் வரைவதற்கும் முன்பே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். டிசம்பர் 16 அதிகாலை 5:30 மணிக்கு ஜெர்மன் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் மூன்று படைத்தொகுதிகளாகத் தாக்கினார்கள். எதிரே பரவலாக நின்ற அமெரிக்கர்கள் ஏறக்குறைய 80,000 பேர். மியூஸ் ஆற்றைக் கடந்து, 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடித்து, பிரிட்டிஷ் படைகளையும் அமெரிக்கப் படைகளையும் இரண்டாகப் பிளப்பதே ஹிட்லரின் திட்டம். அத்தனை தொலைவு செல்வதற்கு வேண்டிய பெட்ரோல் தாக்குதல் படைகளிடம் இல்லை. வழியில் அமெரிக்கக் கிடங்குகள் கைக்கு வரும் என்ற நம்பிக்கையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஜெர்மன் தளபதிகளே இந்த இலக்கை நம்பவில்லை.

ஆகவே, 'ஜெர்மன் ஆட்டக்காரர் ஆண்ட்வெர்ப்பைப் பிடிக்க முடியுமா?' என்று உங்கள் விளையாட்டு கேட்டால், நேர்மையான விடை 'முடியாது' என்பதாகத்தான் இருக்கும். அந்த விடையை மாற்றுவதற்காக டாங்கிகளுக்கு இல்லாத வேகத்தைக் கொடுக்கத் தொடங்குவீர்கள். அங்கேதான் வரலாறு கைநழுவுகிறது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: 'டிசம்பர் 27-க்குள், உண்மையான ஜெர்மன் தளபதிகளைவிட இந்த ஆட்டக்காரர் கூடுதலாகச் சாதித்தாரா?' அமெரிக்க ஆட்டக்காரருக்கும் இதே கேள்விதான், எதிர்த்திசையில். இப்போது ஜெர்மன் தரப்பு போரில் தோற்றாலும் ஆட்டத்தில் வெல்ல முடியும். ஒரு காயின் பலத்தைக்கூட நீங்கள் மாற்ற வேண்டியதில்லை.

வரலாற்றின் மதிப்பெண்ணை முதலில் போடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது. நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதுவே. எதைச் சாதித்தால் எத்தனை புள்ளி என்று சொல்லும் வெற்றிப் புள்ளிப் பட்டியலை எழுதி முடித்தவுடன், முதல் சோதனை ஆட்டத்துக்கும் முன்பாக, உண்மையில் நடந்த போருக்கு அந்தப் பட்டியலின்படி எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கணக்கிட வேண்டும்.

என் விளையாட்டில் ஒரு சுற்று என்பது ஒரு நாள். டிசம்பர் 16 முதல் 27 வரை 12 சுற்றுகள். சாலைச் சந்திப்பான சாங் வித் நகரை டிசம்பர் 17-க்குள் பிடித்தால் ஜெர்மன் தரப்புக்கு 6 புள்ளிகள். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி குறையும். ஜெர்மன் கால அட்டவணை அந்த நகரைத் தொடக்க நாள்களிலேயே எதிர்பார்த்தது. அமெரிக்க 7-வது கவச (டாங்கி) டிவிஷனும் அதனுடன் சேர்ந்து நின்ற படைகளும் டிசம்பர் 21 வரை விடவில்லை. எனவே வரலாற்றுக்கு இங்கே 2 புள்ளிகள்தான். ஏழு சாலைகள் கூடும் பாஸ்டோன் நகரைப் பிடித்துக் கடைசிவரை வைத்திருந்தால் 8 புள்ளிகள். பிடிக்க முடியாவிட்டால், எல்லாச் சாலைகளும் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 புள்ளி. 101-வது வான்குடைப் படை உள்ளே இருக்க, டிசம்பர் 21 முதல் 25 வரை நகரம் முற்றுகையில் இருந்தது. 26-ஆம் தேதி அமெரிக்கத் தளபதி பேட்டனின் 4-வது கவச டிவிஷன் தெற்கிலிருந்து வழி திறந்தது. ஆக 5 புள்ளிகள். ஷ்னீ ஐஃபல் மேட்டில் சூழப்பட்டு டிசம்பர் 19 அன்று சரணடைந்த அமெரிக்க 106-வது டிவிஷனின் இரண்டு ரெஜிமென்ட்டுகளுக்கு தலா 2 வீதம் 4 புள்ளிகள். மியூஸ் ஆற்றுக்கு 10 கிலோமீட்டருக்குள் ஒரு டாங்கிப் படை வந்தால் 3 புள்ளிகள். 2-வது பான்சர் (ஜெர்மன் டாங்கி) டிவிஷனின் முன்னணி செல் என்ற சிற்றூர் வரை வந்து பெட்ரோல் இல்லாமல் நின்றதால் அதுவும் கிடைக்கிறது.

மொத்தம் 14. ஜெர்மன் தரப்பு இழக்கும் ஒவ்வொரு டாங்கிப் படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளி கழிக்க வேண்டும். செல் அருகே நொறுங்கிய முன்னணிக்கு ஒன்று. லா க்ளேஸ் என்ற ஊரில் டாங்கிகளைக் கைவிட்டு ஏறக்குறைய 800 பேருடன் நடந்தே பின்வாங்கிய எஸ்.எஸ். அதிகாரி பைபரின் படைக்கு ஒன்று. மீதி 12. இதுதான் வரலாற்றின் மதிப்பெண். 11 முதல் 13 வரை சமநிலை, 14-உம் அதற்கு மேலும் ஜெர்மன் வெற்றி, 10-உம் அதற்குக் கீழும் அமெரிக்க வெற்றி என்று முதல் எல்லையை வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைப் போடும்போதே பட்டியலின் குறைகள் வெளியே வந்துவிடும். என் முதல் பட்டியலில் வரலாற்றுக்குக் கிடைத்தது வெறும் 4 புள்ளிகள். காரணம், நகரங்களைப் பிடித்தால் மட்டுமே புள்ளி என்று வைத்திருந்தேன். பாஸ்டோனைச் சூழ்ந்து நின்று சாலைகளைத் துண்டித்ததற்கு மதிப்பே இல்லாமல் போனது. ஒரு போரில் தளபதிகள் எதற்காக உயிர்களைச் செலவிட்டார்களோ அதற்கு உங்கள் பட்டியலில் புள்ளி இல்லையென்றால், ஆட்டக்காரரும் அதற்காகச் சண்டையிட மாட்டார்.

எதற்குப் புள்ளி தரக் கூடாது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். டிசம்பர் 17 அன்று மல்மெடி அருகே பைபரின் படையினர் 84 அமெரிக்கப் போர்க்கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கைதிகளைக் காவலில் வைக்க நேரமாகும் என்பதுபோல ஒரு விதியை எழுதி, அதைத் தவிர்ப்பவருக்கு வேகத்தைப் பரிசாகக் கொடுக்கும் வடிவமைப்பை என்னால் ஏற்க முடியாது. விதிப்புத்தகத்தின் வரலாற்றுக் குறிப்பில் அந்தக் கொலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆட்டத்தின் ஆதாயமாக அதை ஆக்காதீர்கள்.

நடந்தது ஒரே ஒரு பகடை உருட்டல்

வரலாற்றின் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டமும் அதே 12-இல் முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் பிழையே. 1942 ஜூன் 4 அன்று மிட்வே கடற்போரில் மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் சில நிமிடங்களுக்குள் அடிபட்டு எரிந்தன. நான்காவது கப்பல் அன்று மாலையே வீழ்ந்தது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சற்றுத் தாமதமாக வந்திருந்தால் கதை வேறு. எப்போதும் அந்த முடிவையே தரும் மிட்வே விளையாட்டு பொய்யானது. அந்த முடிவு வரவே முடியாத மிட்வே விளையாட்டும் பொய்யானது. வரலாற்று முடிவு உங்கள் விளையாட்டில் இயல்பாக வரக்கூடிய முடிவுகளுள் ஒன்றாக இருந்தால் போதும்.

ஆர்டெனில் இதற்குச் சிறந்த இடம் வானிலை. முதல் வாரம் மூடுபனியும் மேகமும் நேச நாட்டு விமானங்களைத் தரையில் கட்டிப்போட்டன. டிசம்பர் 23 அன்று வானம் தெளிந்ததும் ஜெர்மன் வாகன வரிசைகள் பகலில் நகர முடியாமல் போயின. இந்தத் தேதியை அப்படியே விதியில் எழுதினால், ஜெர்மன் ஆட்டக்காரர் 22-ஆம் தேதியோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளத் திட்டமிடுவார். எந்த உண்மைத் தளபதிக்கும் அந்த வசதி இருக்கவில்லை. அதற்குப் பதிலாக, டிசம்பர் 21 தொடங்கி ஒவ்வொரு காலையும் ஒரு பகடையை உருட்டச் சொல்லுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் வானம் தெளியும். மூன்றில் ஒரு வாய்ப்பு என்பதால் சராசரியாக 3-வது உருட்டலில், அதாவது டிசம்பர் 23 அன்று தெளியும். ஆனால் எந்த நாள் என்று இருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒரே உருட்டலால் ஆட்டம் சாய்ந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. வானம் முதல் நாளே தெளிந்துவிட்டால் ஜெர்மன் வெற்றி எல்லையை 14-இலிருந்து 13-ஆகக் குறையுங்கள். அப்போதும் கை வைப்பது புள்ளியில்தான். விமானங்களின் பலம் அப்படியே இருக்கட்டும்.

பின்னறிவு

உண்மையான அமெரிக்கத் தளபதிகளுக்கு டிசம்பர் 16 காலையில் என்ன வருகிறது என்று தெரியாது. உங்கள் ஆட்டக்காரருக்குத் தெரியும். பெட்டியின் மேல்மூடியிலேயே அது அச்சாகியிருக்கிறது. அவரைச் சுதந்திரமாக விட்டால் முதல் சுற்றிலேயே 106-வது டிவிஷனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பாஸ்டோனை நிரப்பிவிடுவார். அதனால் முதல் சுற்றில், தாக்கப்படாத அமெரிக்கக் காய்கள் நகரக் கூடாது என்று விதிப்பது தவிர்க்க முடியாதது. துணைப்படைகளையும் உண்மையான உத்தரவுகளின் நாள்களோடு கட்டுங்கள்: 7-வது, 10-வது கவச டிவிஷன்களுக்கான உத்தரவு முதல் நாள் மாலையில், வான்குடை டிவிஷன்கள் இரண்டுக்கும் மறுநாள், தெற்கிலிருந்து பேட்டனின் தாக்குதல் டிசம்பர் 22-இல்.

ஜெர்மன் தரப்பின் பின்னறிவு இன்னும் நுட்பமானது. தாக்குதலின் முக்கியப் பொறுப்பு வடக்கே டீட்ரிக்கின் 6-வது பான்சர் படைத்தொகுதியிடம் இருந்தது. அது எல்சன்போர்ன் மேட்டில் முட்டி நின்றது. நடுவில் மான்டொய்ஃபலின் 5-வது பான்சர் படைத்தொகுதிதான் மியூஸை நெருங்கியது. இதைப் படித்திருக்கும் ஆட்டக்காரர் வடக்கிலுள்ள டாங்கிகளையெல்லாம் முதல் நாளே நடுப்பகுதிக்குத் திருப்ப நினைப்பார். படைத்தொகுதி எல்லையைத் தாண்டவே கூடாது என்று தடை போடலாம்; ஆனால் அது ஆட்டக்காரரின் கையைக் கட்டிவிட்டு, முடிவெடுக்கச் சொல்வது போலாகும். நான் விலை வைத்தேன்: எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு டாங்கிப் படைப்பிரிவுக்கும் ஒரு சுற்றுப் பெட்ரோலும் ஒரு வெற்றிப் புள்ளியும் போய்விடும். குறுகிய காட்டுச் சாலைகளில் நெரிசலும் உண்டு, மேலிடத்தின் சினமும் உண்டு. அந்த இரண்டையும் இந்த விலை சுமக்கிறது. அமைதியாகக் கணக்குப் பார்த்து, ஒரு பிரிவை மட்டும் திருப்பலாமா என்று ஆட்டக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசிக்கும்போது, உண்மையான தளபதி இருந்த இடத்தில் அவர் இருக்கிறார்.

கடைசிச் சுற்று

என் நான்காவது சோதனை ஆட்டம் சாப்பாட்டு மேசையில் இரவு பத்து மணிக்கு முடியும் நிலையில் இருந்தது. அமெரிக்கத் தரப்பை ஆடிய நான், பாஸ்டோனைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் தேநீர்க் குவளையை எடுத்தேன். எதிரே ஆடிய இளைய நண்பர் ஒரே ஒரு வேவுப் படைக் காயை எடுத்து, என் காய்களுக்கு இடையிலிருந்த ஒற்றை இடைவெளியில் நுழைத்து, கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே மியூஸ் ஆற்றின் மேலுள்ள தினான் பாலத்தின் மேல் வைத்தார். பின்னால் பெட்ரோல் வரும் வழி கிடையாது; உதவிக்கு ஒரு காயும் இல்லை. ஆனால் மியூஸைக் கடந்தால் 15 புள்ளிகள் என்று எழுதியவன் நான். "விதியில அப்படித்தான் இருக்கு அண்ணா" என்றார் அவர். அவர் சொன்னது முற்றிலும் சரி, விதிதான் தவறு.

வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. அமெரிக்கச் சீருடை அணிந்து ஒரு ஜீப்பில் வந்த ஜெர்மானியர் சிலர், தினான் அருகே மியூஸ் கரைவரை வந்து கண்ணிவெடியில் சிக்கி மாண்டார்கள். அதை வைத்து ஜெர்மன் படை மியூஸை அடைந்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதுவதில்லை. எனவே, நாளை என்பதே இல்லாததுபோல ஆட்டக்காரர் நடந்துகொள்வதைத் தடுக்க, புள்ளிக்கு உரிய இடத்தை ஒரு காய் தொட்டால் போதாது; தன் பக்கத்து வரைபட விளிம்புவரை வழங்கல் பாதை திறந்திருக்க, தொடர்ந்து இரண்டு சுற்றுகள் அங்கே நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். மியூஸுக்கு 10 கிலோமீட்டருக்குள் வருவதற்கான 3 புள்ளிகளை மட்டும் இந்த நிபந்தனையிலிருந்து விலக்கியிருக்கிறேன். பெட்ரோல் தீர்ந்து நின்ற படையும் எதிரியை நடுங்க வைத்தது என்பதற்காக. இதோடு, ஆட்டம் டிசம்பர் 27-இலா 28-இலா முடியும் என்பதைப் பகடைக்கு விட்டுவிட்டால் கடைசிச் சுற்றுப் பாய்ச்சல்கள் ஏறக்குறைய மறைந்துவிடும்.

சோதனை ஆட்டங்களைப் படிப்பது

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யார் வென்றார் என்பதை மட்டும் குறித்துவைப்பது பயன்படாது. எந்தச் சுற்றில் எத்தனை புள்ளி, சாங் வித் எப்போது விழுந்தது, எத்தனை டாங்கிப் பிரிவுகள் மீந்தன, ஆடியவர் இந்தத் தரப்பை எத்தனையாவது முறை ஆடுகிறார் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் தேவை. தாக்கும் தரப்பை ஆடக் கூடுதல் அனுபவம் வேண்டும். புதியவர்கள் ஜெர்மன் தரப்பில் தோற்றுக்கொண்டே இருப்பதைப் பார்த்து எல்லையை இறக்கினால், அனுபவசாலிகளின் மேசையில் அமெரிக்கத் தரப்புக்கு வழியே இருக்காது.

எண்ணிக்கையைக் கண்டு அவசரப்படவும் கூடாது. 20 ஆட்டங்களில் ஒரு தரப்பு 13, மறுதரப்பு 7 என்று வந்தால் பலர் உடனே விதிகளைத் திருத்தத் தொடங்குகிறார்கள். முழுக்கச் சமமான ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினால்கூட, ஏதேனும் ஒரு பக்கம் 13 முறையோ அதற்கு மேலோ விழுவது நூற்றில் ஏறக்குறைய 26 தடவை நடக்கும். 15-க்கு 5 என்று வந்தால், அது தற்செயலாக நடக்க நூற்றில் 4 வாய்ப்புதான். அப்போது கையை வையுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு பிரிவினை செய்துகொள்ள வேண்டும். ஜெர்மன் தரப்பு சராசரியாக 16 புள்ளிகள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் 4 புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? எல்சன்போர்ன் மேடு ஆட்டந்தோறும் எளிதாக விழுகிறது என்றால், அது வரலாற்றுப் பிழை. அமெரிக்கப் பீரங்கிகளின் பலத்தையோ மேட்டின் தற்காப்பு மதிப்பையோ குறைவாக எழுதியிருக்கிறீர்கள். மூலத் தரவுகளுக்குத் திரும்பிப் போங்கள். அப்படி எந்தப் பிழையும் இல்லாமல், ஆட்டக்காரர்கள் உண்மைத் தளபதிகளைவிடச் சற்று நன்றாகவே ஆடுகிறார்கள் என்றால், வெற்றி எல்லையை 12-ஐச் சுற்றியிருந்ததிலிருந்து 16-ஐச் சுற்றியதாக நகர்த்துங்கள். முதல் வகைத் திருத்தத்துக்கு ஆதாரம் வேண்டும். இரண்டாம் வகைக்கு நோட்டுப் புத்தகம் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், வடிவமைப்பாளர்கள் ஆதாரமில்லாமல் காய்களின் பலத்தை மாற்றிவிட்டு, பிறகு அதற்கு வரலாற்றுக் காரணம் தேடுகிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் மீதமிருக்கும் சிறு சாய்வை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் தங்களுக்கு விருப்பமான தரப்புக்காக ஏலம் கேட்கட்டும்: "ஜெர்மன் தரப்பை எனக்குக் கொடுத்தால், வெல்ல 15 எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் 16 என்று ஏற்றிக் கேட்கலாம். போதும் என்று ஒருவர் நிறுத்தும் எண்ணே அன்றைய எல்லை. இதற்கு நேரமில்லாதவர்கள் தரப்பை மாற்றி இரண்டு முறை ஆடி, ஜெர்மன் தரப்பில் யார் கூடுதல் புள்ளி எடுத்தார் என்று ஒப்பிடலாம். ஆனால் ஓர் ஆட்டத்துக்கே நான்கு மணி நேரம் ஆகும் விளையாட்டில் பெரும்பாலோர் ஏலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

விதிப்புத்தகம் அச்சுக்குப் போகும்போது, வரலாற்றின் மதிப்பெண்ணை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் சேருங்கள்: டிசம்பர் 19-இல் 4, 21-இல் 7 என்று தொடங்கி 27-இல் 12 வரை. என் நண்பர்கள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். தங்கள் புள்ளியை அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடுகிறார்கள்.